வால்வரியன் மேடம் கேட்ட ஒரு வார்த்தை

"சத்தியமா பார்த்தேன் சார். என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

பதினோரு வருடமாக இந்த வசனத்தைத்தான் நான் வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறேன். ஆள் மாறுவார், ஊர் மாறும், வசனம் மட்டும் மாறாது. இன்றைக்கு அதே வசனத்தோடு நானே உங்கள் முன்னால் வந்து நிற்கிறேன். நான் பார்க்கவில்லை, கேட்டேன். அவ்வளவுதான் வித்தியாசம். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். ஆதாரம் கேட்டால் என்னிடம் எதுவும் கிடையாது. ஆனால் இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில்.

நான் ஒரு டிவி நிகழ்ச்சியின் எடிட்டர். அழிந்துபோனதாகச் சொல்லப்படும் விலங்குகளைத் தேடிப் போகிற நிகழ்ச்சி. நீங்களும் பார்த்திருப்பீர்கள். திரை முழுக்கப் பச்சையாகக் காடு தெரியும். ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டே "ஷ்ஷ்... அங்க என்னமோ அசையுது" என்பார். உடனே விளம்பரம். விளம்பரம் முடிந்து பார்த்தால் முயல் நிற்கும்.

ஆபீஸில் எனக்குப் பெயர் கத்திரி. டைரக்டரைக் கேப்டன் என்போம். தொப்பி போட்டுக்கொண்டு காட்டுக்குள் முதல் ஆளாக நடப்பவர் அவர்தான். ஆறு சீசன் எடுத்தோம். ஒரு விலங்கைக்கூடக் கண்டுபிடித்தது கிடையாது.

இந்த மாதிரி நிகழ்ச்சிக்கு எபிசோடுக்கு ஒரு விஞ்ஞானி வேண்டும். இருபது விநாடி வந்தால் போதும். அவர் தலையாட்டிவிட்டால் மங்கலான படமும் ஆதாரம், நாயின் கால்தடமும் ஆதாரம். ஆனால் எங்கள் நிகழ்ச்சியின் பெயரைச் சொன்னாலே பாதி விஞ்ஞானிகள் போனை வைத்துவிடுவார்கள். வால்வரியன் மேடம் என்று நாங்கள் கூப்பிடுகிறவர் மட்டும்தான் "வாங்க, பேசலாம்" என்றார்.

அவருக்கு எழுபத்தொரு வயது. மியூசியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வால்வரியன் என்று ஒரு விலங்கு. நாய் முகம், பூனை நடை, வாலில் ஏழு கறுப்பு வளையம். அதைப் பற்றி உலகத்தில் யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் அவரிடம்தான் போக வேண்டும். முப்பது வருடம் காட்டில் தேடியிருக்கிறார். முடி, எச்சம், கால்தடம் ஒன்றையும் விடவில்லை. கடைசியில் "இந்த இனம் அழிந்துவிட்டது" என்று கையெழுத்துப் போட்டவரும் அவர்தான்.

மியூசியத்தின் பின்பக்க அறையில் பேட்டி எடுத்தோம். கண்ணாடிப் பெட்டிக்குள் பஞ்சு அடைத்த கடைசி வால்வரியன். அதற்கு மேலே ஒரு பழைய டியூப்லைட். ம்ம்ம்ம்... என்று ஒரே சுதியில் இரைந்துகொண்டிருந்தது. சவுண்டு பையன் தலையில் அடித்துக்கொண்டான்.

கேமரா முன்னால் மேடம் சொன்னது இதுதான். எனக்கு மனப்பாடம்.

"வால்வரியன் இன்னும் உயிரோட இருக்குன்னு சொல்ல ஒரு ஆதாரமும் இல்ல. நான் முப்பது வருஷம் தேடினேன். எனக்கு நம்பிக்கை இல்ல."

டிவியில் வந்தது இது.

"வால்வரியன் இன்னும் உயிரோட இருக்கு. நான் முப்பது வருஷம் தேடினேன். எனக்கு நம்பிக்கை இருக்கு."

நம் மொழியில் எங்களுக்கு ஒரு வசதி. மறுப்பு எப்போதும் கடைசியில்தான் வரும். வாலை வெட்டினால் போதும், அர்த்தம் தலைகீழாகிவிடும். இரண்டாவது "இருக்கு"வை வேறு இடத்திலிருந்து எடுத்தேன். மைக் சோதிக்கும்போது "காலைல இருந்து கொஞ்சம் தலைவலி இருக்கு" என்று சொல்லியிருந்தார். அதை வெட்டி இங்கே ஒட்டினேன். உதடு தெரியாமல் இருக்க மேலே வால்வரியனின் கண்ணாடிக் கண்ணைக் காட்டினேன்.

கேப்டன் என் முதுகில் தட்டி, "கத்திரி, நீ தெய்வம்டா!" என்றார்.

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. உங்களிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

நிகழ்ச்சி வந்து ஒன்பதாவது நாள் மேடம் போன் செய்தார். எடிட் ரூமில் ஒரு பழைய மேஜை போன். நம்பர் எதுவும் தெரியாது, மணி மட்டும் அடிக்கும். மேடத்துக்கு அந்த நம்பரைக் கொடுத்து, கேப்டன்தான் தன் தலைவலியை என் பக்கம் தள்ளிவிட்டிருந்தார்.

"தம்பி, நீங்கதான் எடிட் பண்ணினதா?"

"ஆமா மேடம்."

"அந்தக் காட்டுல மரம் வெட்டற கம்பெனிக்காரங்க உங்க படத்தைப் போட்டுக் காட்டறாங்க. பாருங்க, எதுவும் அழியல, அந்தம்மாவே சொல்லிட்டாங்க, மிச்சக் காட்டையும் வெட்டலாம்னு. அழிஞ்சிடுச்சுன்னு எழுதின அன்னிக்கு நான் சாப்பிடல தம்பி. தேடிட்டு, இல்லன்னு சொல்றதுக்கும் ஒரு மனசு வேணும். என் வாழ்க்கைல நான் கண்டுபிடிச்சது அந்த ஒரு வார்த்தைதான். அதைத் திருப்பிப் போட்டுடுங்க."

"பேட்டி முழுசா எங்ககிட்ட இப்ப இல்ல மேடம். அழிச்சாச்சு."

பொய். அன்றைக்கு அது என் மேஜையில்தான் இருந்தது. கையெட்டும் தூரத்தில் ஒரு கறுப்பு டிஸ்க்.

இரண்டு நாள் கழித்துக் கேப்டன், "எதுக்குப்பா வம்பு, க்ளீன் பண்ணிடு" என்றார். நான் பட்டனை அழுத்தினேன். பொய் உண்மையாகிவிட்டது. அதோடு மேடம் சொன்ன அந்த "இல்ல" இந்த உலகத்தில் எங்கேயும் கிடையாது.

இன்னும் மூன்று தடவை போன் செய்தார். ஒரு தடவை கோபப்பட்டார், ஒரு தடவை வக்கீல் என்றார், ஒரு தடவை கெஞ்சினார். பிறகு நின்றுவிட்டது. விட்டது சனி என்று நினைத்தேன்.

சில வாரம் கழித்து மறுபடி ஆரம்பித்தது. இந்த முறை தினமும். ஞாயிறு தவிர எல்லா நாளும், சரியாக மாலை 4:10.

"தம்பி, நான்தான் பேசறேன். அந்த ஒரு வார்த்தை கிடைச்சுதா?"

"இல்ல மேடம்."

"பரவால்ல. நாளைக்குக் கூப்பிடறேன்."

கோபம், அழுகை எதுவும் கிடையாது. பதினான்கு விநாடியில் முடிந்துவிடும். என் முன்னால் சுவரில் பெரிய கடிகாரம், விநாடியும் காட்டும். முதலில் தற்செயல் என்று நினைத்தேன். பிறகு தினமும் பார்க்க ஆரம்பித்தேன். பதினான்கு. பதினான்கு. பதினான்கு.

இன்னொன்றும் கவனித்தேன். "நான்தான்" என்பதற்கு முன்னால் ஒரு சின்ன மூச்சு. தினமும் அதே இடத்தில், அதே நீளம். யாராலும் ஒரு வரியை இரண்டு தடவை ஒரே மாதிரி சொல்ல முடியாது. நாள் முழுக்கக் குரல்களை வெட்டுகிற எனக்கு இது தெரியும். தெரிந்தும் விட்டுவிட்டேன். வயசானவர், பழக்கதோஷம்...

வீட்டில் ஒரு நாள் சொன்னேன். என் மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, பாவம், தினம் கூப்பிடறாங்க. ஒரு மன்னிப்பாவது கேக்கலாமில்ல?"

"கேட்டா நான்தான் வெட்டினேன்னு ஆயிடும்."

"வெட்டினது நீங்கதானே?"

நான் டிவி சத்தத்தைக் கூட்டினேன்.

இப்படியே ஏழு மாதம் போனது.

அந்த நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. ஏழாவது சீசனுக்கு விளம்பரத் துண்டு வெட்ட வேண்டும். ஐந்து மணிக்குள் அது சேனலுக்குப் போயாக வேண்டும்.

"மேடம் லைனைப் போடு கத்திரி. அந்த லைன் தங்கம்" என்றார் கேப்டன்.

எங்கள் எடிட் ரூமுக்கு ஜன்னல் கிடையாது. சுவர் முழுக்கப் பஞ்சு அடைத்திருக்கும். கதவைச் சாத்தினால் நம் காதுக்குள் ஓடுகிற ரத்தம் நமக்கே கேட்கும்.

மணி 3:20. பழைய எபிசோடைத் திறந்தேன். ஹெட்போனை மாட்டினேன். ஓடவிட்டேன்.

"வால்வரியன் இன்னும் உயிரோட இருக்கு."

வெட்டிய இடத்தில் நான் விட்டிருந்த இடைவெளி வந்தது. கண் சிமிட்டுவதைவிடக் கொஞ்சம் குறைவான நேரம். அதற்குள்...

"ன்னு."

நிறுத்தினேன். மணி 3:31.

திரையில் பார்த்தேன். குரல் இருந்தால் அங்கே மலை மாதிரி கோடு ஏறி இறங்கும். அந்த இடத்தில் கோடு தரை மாதிரி கிடந்தது. அங்கே சத்தமே கிடையாது.

சரி, காது அசதி. எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். மறுபடி ஓடவிட்டேன்.

"வால்வரியன் இன்னும் உயிரோட இருக்கு... ன்னு சொல்ல."

மணி 3:38. இப்போது கழுத்துக்குப் பின்னால் வியர்த்தது.

எனக்கு ஒன்று புரியவில்லை. அந்தச் சத்தத்தை நான்தான் அழித்தேன். என் விரலால். நகல் எங்கும் கிடையாது. பின்னே இது எங்கிருந்து வருகிறது?

3:46.

"...இருக்குன்னு சொல்ல ஒரு ஆதாரமும்."

அங்கே நின்றது. கடைசி வார்த்தை மட்டும் வரவில்லை. நான் காத்திருந்தேன். பின்னால் ம்ம்ம்ம்... என்று அந்த டியூப்லைட் இரைச்சல்.

அப்போதுதான் உறைத்தது. தினமும் 4:10 போனில், மேடம் குரலுக்குப் பின்னால் கேட்கும் ஒரு இரைச்சல். எங்கேயோ கேட்டது போல இருக்கிறதே என்று பல நாள் நினைத்திருக்கிறேன். அது இதுதான். மியூசியத்தின் பின்பக்க அறை. அந்த அறையைப் பேட்டி எடுத்த மறுமாதமே இடித்துவிட்டார்கள்.

என் செல்போனை ஹெட்போனுக்குப் பக்கத்தில் வைத்துப் பதிவு செய்தேன். காதில் "ஒரு ஆதாரமும்" வரை கேட்டது. பதிவைப் போட்டுப் பார்த்தால் "இருக்கு" என்பதோடு முடிந்தது. எங்கள் நிகழ்ச்சியில் வருகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள். "நேர்ல நல்லா தெரிஞ்சுது சார், போட்டோல விழல." நாங்கள் எத்தனை தடவை சிரித்திருப்போம்!

4:02. கேப்டனைக் கூப்பிட்டேன். அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டார். நான் அவர் முகத்தையே பார்த்தேன்.

"நல்லாத்தானே இருக்கு?"

"கடைசில ஏதாவது கேக்குதா?"

"என்ன கேக்கணும்?"

"'ன்னு'ன்னு ஒரு சத்தம்..."

அவர் ஹெட்போனைக் கழற்றி என் கையில் கொடுத்தார். கண்ணில் சிரிப்பு.

"என்னடா, நீயும் சாட்சி லிஸ்ட்ல சேர்ந்துட்டியா? அடுத்த எபிசோடுல உன்னையே உக்கார வெச்சிடவா? அஞ்சு மணிக்கு அனுப்பிடு."

போய்விட்டார். கதவு மூடியது. பஞ்சுச் சுவர் அவர் காலடிச் சத்தத்தை விழுங்கியது.

4:08. ஓடவிடவில்லை. ஹெட்போன் என் கழுத்தில் கிடந்தது. திரையில் எல்லாம் நின்றிருந்தது.

ம்ம்ம்ம்...

கழுத்தில் அந்த இரைச்சல்.

வயரைப் பிடுங்கினேன். முனை என் கையில் இருந்தது.

ம்ம்ம்ம்...

4:10. போன் அடித்தது.

எடுக்கக் கூடாது என்று நினைத்தேன். கை எடுத்துவிட்டது.

"தம்பி."

அதே குரல். ஆனால் முன்னால் வரும் அந்த மூச்சு வரவில்லை. "நான்தான்" வரவில்லை. ஏழு மாதத்தில் முதல் தடவையாக வேறு பேச்சு.

"எனக்கு இப்ப வலி..."

அங்கே வெட்டியது போல் நின்றது. சுத்தமான வெட்டு.

கழுத்தில் கிடந்த ஹெட்போன், வயர் இல்லாத ஹெட்போன், சொன்னது...

"இல்ல."



போனில், "எனக்கு இனிமே யார் மேலயும் கோபம்..."

ஹெட்போனில், "இல்ல."

அது மேடத்தின் குரல் கிடையாது. கனமான குரல். எங்கேயோ கேட்ட குரல். இரண்டு தடவையும் ஒரே அளவு, ஒரே இழுப்பு. ஒரே வார்த்தையை இரண்டு இடத்தில் ஒட்டியது போல. ஒட்டியவருக்கு வேலை அவ்வளவாகத் தெரியாது. வெட்டு சரியாக விழவில்லை. கடைசியில் உதடு மூடுகிற சத்தம் ஒட்டிக்கொண்டிருந்தது. "இல்ல...ம்."

அந்த நேரத்திலும் என் புத்தி அதைத்தான் பார்த்தது.

"மேடம்..."

"தம்பி, நான் இப்ப உயிரோட..."

நின்றது.

கடிகாரத்தைப் பார்த்தேன். பதிமூன்று விநாடி.

பதினான்கு.

"இல்ல...ம்."

போன் அடங்கியது. இரைச்சல் அடங்கியது.

அறையில் என் காதுக்குள் ஓடுகிற ரத்தம் மட்டும்.

அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 4:55க்கு அந்த லைனை ஒட்டி விளம்பரத் துண்டை அனுப்பினேன். "இருக்கு", "இருக்கு" என்று இரண்டு இடத்திலும். வெட்டு சுத்தமாக விழுந்தது. ராத்திரியே டிவியில் வந்துவிட்டது.

புதன் 4:10க்குப் போன் அடிக்கவில்லை. வியாழனும் அடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை, மேடம் பேட்டிக்கு முன் கையெழுத்துப் போட்ட படிவத்தில் விலாசம் தேடி எடுத்துக்கொண்டு போனேன்.

மூன்றாவது மாடி. கதவுக்கு வெளியே நிறைய செருப்பு. எனக்குப் புரிந்துவிட்டது.

மேடத்தின் தங்கை மகள் கதவைத் திறந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். தூங்காத கண். டிவி கம்பெனி என்று சொல்ல வாய் வரவில்லை. "மியூசியத்துல பழக்கம்" என்றேன். உள்ளே உட்காரவைத்து டீ கொண்டுவந்தார்.

"செவ்வாய்க்கிழமை போயிட்டாங்க. போனதே நல்லதுன்னு வெச்சுக்கங்க. எட்டு மாசமா படுக்கைதான்."

"எட்டு மாசமா?"

"விஞ்ஞானிங்க மீட்டிங் ஒண்ணு. அந்த டிவி க்ளிப்பைப் போட்டு எல்லாரும் சிரிச்சிருக்காங்க. எந்த மிருகம் அழிஞ்சுதுன்னு முடிவு பண்ற கமிட்டியில இருந்து எடுத்துட்டாங்க. அன்னிக்கு ராத்திரியே மூளைல அடைப்பு. வலது கை போச்சு. பேச்சும் போச்சு."

"இல்லியே, பேசினாங்களே, போன்ல..." என்று ஆரம்பித்து விழுங்கினேன். அவர் கவனிக்கவில்லை.

"முழுசா போகல. ஒரே ஒரு வார்த்தை மட்டும் வரும். டாக்டர் சொன்னார், சில பேருக்கு அப்படி ஒரு வார்த்தையே மாட்டிக்குமாம். வலி இருக்கா பெரியம்மா? 'இருக்கு'ம்பாங்க. பசி இருக்கா? 'இருக்கு.' மாத்திரை வேணாமா? 'இருக்கு.' இல்லன்னு சொல்லத்தான் பார்க்கறாங்கன்னு கண்ணைப் பார்த்தா தெரியும். தலையை இப்படி இப்படி ஆட்டுவாங்க. கண்ணுல தண்ணி ஊத்தும். வாய்ல வர்றது 'இருக்கு'."

டம்ளரைக் கீழே வைத்தேன்.

"கடைசி நாள் மட்டும் ஒரு அதிசயம். சாயந்திரம் மாத்திரை நேரம், நாலு பத்து. திடீர்னு வேற வார்த்தை வந்துச்சு. மூணு தடவை. 'இல்லம்', 'இல்லம்', 'இல்லம்'னு. வீட்டுக்குப் போகணுங்கறாங்களோன்னு நினைச்சேன். நம்ம வீட்லதான் பெரியம்மா இருக்கீங்கன்னேன். மூணாவது தடவை சொல்லிட்டு வாயை மூடினாங்க. அவ்வளவுதான்."

வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"ஒண்ணு மட்டும் யார்கிட்டயும் சொல்லல. அது அவங்க குரலே கிடையாது. ஆம்பளைக் குரல்."

நான் எழுந்துவிட்டேன். போக வேண்டும், அவ்வளவுதான் தோன்றியது. கதவு வரைக்கும் வந்தவர் கேட்டார்.

"அந்த டிவிக்காரங்ககிட்ட பெரியம்மா பேசினது முழுசா இருக்குமா? உங்களுக்கு யாரையாவது தெரியுமா? ஒரு தடவை அவங்க சொந்தக் குரல்ல கேக்கணும்."

யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. ஏழு மாதம், தினமும் 4:10க்கு நான் சொன்ன, கிட்டத்தட்ட அதே பதில்.

"இல்லம்மா."

அவர் கை கதவிலேயே நின்றது. முகத்தில் ரத்தம் இறங்கிப்போவதை நான் கண்ணால் பார்த்தேன்.

"என்ன சொன்னீங்க?"

நான் செருப்பில் காலை நுழைத்தேன்.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

நான் சொல்லவில்லை. படியில் இறங்கினேன். மேலேயிருந்து அவர் குரல் மட்டும் கேட்டது.

"அன்னிக்கு வந்தது இந்தக் குரல்தான்..."

தினமும் போனில் நான் சொன்ன "இல்ல மேடம்." அதிலிருந்து "மேடம்" மட்டும் வெட்டப்பட்டிருக்கிறது. வெட்டு சரியாக விழாமல், அதன் முதல் "ம்" மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேறு இடத்திலிருந்து ஒரு வார்த்தையை எடுத்து ஒட்டுவது. என் வேலைதான் அது.

விளம்பரம் இப்போதும் தினமும் ஓடுகிறது. அந்தக் காட்டில் மிச்சத்தையும் வெட்ட ஆரம்பித்துவிட்டார்கள் என்று செய்தியில் பார்த்தேன்.

இப்போதெல்லாம் வீட்டில் என் மனைவி, "சாப்பிட்டீங்களா? உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?" என்று எது கேட்டாலும் நான் தலையை மட்டும் ஆட்டுகிறேன். அந்த "இல்ல"வைச் சொல்ல வாயைத் திறந்தால்...

நேற்று ஒரு தடவை திறந்து பார்த்தேன். மேடத்துக்கு மாட்டிக்கொண்ட அந்த வார்த்தைதான் வந்தது.